மிரண்ட செல்கள் விட்ட சேதி

ஆய்வகத்தில் செல் வளர்ப்பது அக்காவின் வேலை. அவளுக்கு உதவியாள் நான், திட்டு வாங்குபவளும் நானே. நேற்று அவசரத்தில், வைரஸ் வந்ததுபோல் ஏமாற்றி நாங்கள் மிரட்டிவைத்திருந்த செல்களின் பழைய திரவத்தைப் புதுச் செல்கள் இருந்த தட்டில் ஊற்றிவிட்டாள். இன்று அதில் ரெட்ரோவைரஸை விட்டோம். தொற்றவே இல்லை.

"மிரண்டதுங்க திரவத்துல சேதி விட்டிருக்கு. இதுங்க முன்னாடியே கதவைச் சாத்திக்கிச்சு," என்று சிரித்தார் ஆய்வகத் தலைவர் டாக்டரம்மா. அக்காவுக்குத் தன்மேலேயே மூக்குக்கு மேல் கோபம்.

சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனால், பாத்திரமெல்லாம் பளபள. பிள்ளைகள் கையில் புத்தகம். அத்தான் சூடாக டீயை நீட்டினார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"வழியிலயே போன் போட்டு சேதி விட்டது நீதானேடி?"