மேல்வீட்டு வள்ளல்

எங்கள் குடியிருப்பில் மேல்தளத்துக்காரரை எல்லோரும் வள்ளல் என்றுதான் சொல்வோம். கிண்டலாக ஆரம்பித்த பேர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை அவருக்கு. மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார். அந்தக் கண்ணைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வீட்டில் இருக்கிறவள் கொஞ்சம் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டிருப்பாள்.

மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாகத் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் வளர்த்தார். அதாவது, வளர்த்ததாக அவர் சொல்லிக்கொள்வார். மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. குடம் குடமாகப் படியேறித் தூக்கி ஊற்றியது அவர் மனைவி. பறிப்பது மட்டும் அவர் கை. ஒவ்வொரு காயையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மாசுமருவில்லாதது தட்டில் ஏறி அக்கம்பக்கத்துக்குப் போகும். புழு அரித்தது, வெடித்தது, சூம்பியது எல்லாம் கூடையில் விழுந்து வீட்டுக்குப் போகும். “நாலு பேருக்குக் குடுக்கிறது நல்லதா இருக்கணும்ல” என்பார். அந்த நாலு பேரில் பெண்டாட்டி சேர்த்தியில்லை.

தட்டோடு வாசலில் வந்து நின்றால் லேசில் நகரமாட்டார். தக்காளியின் நிறத்தைப் பற்றியாவது நாம் ஏதாவது சொல்லியாக வேண்டும். சாயங்காலம் மறுபடி மணியடித்து, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். எதிர்வீட்டு வாத்தியார் இதற்குப் பயந்தே அவர் வருகிற நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் அவருக்கு நேர் கீழ்வீடு. தையல் வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிறவள். வாய் கூசாமல் புகழ்வேன். ஓசியில் வருகிறது, புகழ்ந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அவர் மனைவி துணி தைக்க என்னிடம் வருவாள். என் மேஜைமேல் இருக்கும் தக்காளியைத் தொட்டுப் பார்ப்பாள். எடுத்துக்கோ என்றால், “வேணாம்க்கா, அது உங்களுக்குக் குடுத்தது” என்று கையை இழுத்துக்கொள்வாள். ஒரு தடவை மட்டும், “நானும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியா இருந்திருக்கலாம்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கோடையில் அவளே ஒரு தொட்டியில் முலாம்பழ விதை ஊன்றினாள். கொடி சுவர் முழுக்கப் படர்ந்தது. பிஞ்செல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்று நின்றது. கனம் தாங்காமல் காம்பு விட்டுவிடப் போகிறதே என்று, அதற்குத் தொட்டில் மாதிரி ஒரு துணி என்னிடம் தைத்து வாங்கிப் போனாள். “இது நமக்குத்தான்னு அவரே சொல்லிட்டாருக்கா” என்றாள். வாயெல்லாம் பல். நானும் நம்பித் தொலைத்தேன். ஆனாலும் அந்த ஆளின் கண்ணை எனக்குத் தெரியுமே. அதில் ஒரு புள்ளியாவது விழட்டும், ஒரு எறும்பாவது கடித்து வைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாழாய்ப்போன பழம், பார்த்தவர் கண் படுகிற அழகோடு பழுத்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தரைத்தளத்துக்கு ஒரு டாக்டர் குடிவந்தார். வள்ளலுக்குக் கை சும்மா இருக்குமா? பழத்தைத் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “புதுசா வந்திருக்கிறவங்களை வெறுங்கையோட எப்படிப் போய்ப் பார்க்கிறது?” என்று மனைவியிடமே நியாயம் கேட்டாராம்.

அவள் சண்டை போடவில்லை. ஒரு தலையணையும் மாற்றுத்துணியுமாக என் வாசலில் வந்து நின்றாள். “கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமாக்கா?” என்றாள். தையல் மிஷினைச் சுவரோரம் நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தேன்.

கோபம் ஆறினால் தானாக வந்துவிடுவாள் என்று அவர் தேடி வரவில்லை. ஆனால் தக்காளி பழுத்ததும் தட்டு வந்துவிட்டது. மணியடித்தார். நான் எழுந்திருப்பதற்குள் அவள் போய்க் கதவைத் திறந்தாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததுதானே?” என்று கையை நீட்டினாள்.

கொடுத்தார். இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்து அங்கேயே நின்று கடித்தாள். சாறு முழங்கைவரைக்கும் வழிந்தது. முழுசாகத் தின்று முடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“எல்லாரும் முகத்துக்காகத்தான் புகழ்றாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்” என்றாள். “நெசமாவே நல்லாத்தான் விளையுதுங்க.”

புகழ்ச்சி கேட்டு அந்த மனுஷன் தலையைக் குனிந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். “வா, வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

“வீட்டுக்கு வந்தா சொத்தைதானேங்க கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.