இரண்டு முடிச்சுப் பொட்டலம்

எங்கள் ஊர்க் கோயில் காட்டை வெட்டச் சொல்லி உத்தரவு கொடுத்தது ஐயனார் என்றுதான் போன மாதம் வரை ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கொடுத்தது நான்.

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊர். மேட்டில் வீரை, குருந்து, நாவல் என்று பின்னிக் கிடந்த காடு. சரிவில் எங்கள் நிலமும் கேணியும். சாமி காடு என்பதால் அதில் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள். சித்திரை வெயிலிலும் கேணிச் சுவரில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். பக்கத்து நிலத்தாரும் அங்கேதான் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, காட்டை அழித்துத் தைலமரம் வைத்தால் காகித ஆலைக்கு வெட்டி அனுப்பலாம் என்று தாய்மாமா கிளம்பினார். வெட்டும் குத்தகை தமக்கே வரும் என்பது அவர் எண்ணம். ஊர்க்கூட்டத்தில் அப்பா ஒருவர்தான் மறுத்தார்.

“மேல காடு இருக்கறதாலதான் கீழ ஊத்து இருக்குது, மச்சான்.”

“ஊத்து பூமியிலேந்து வருது மாமா. மரத்துல இன்னா கொழாயா வச்சிக்கீது?”

கூட்டம் சிரித்தது. அப்பா விடவில்லை. சாமியையே கேட்டுவிடுவோம், பூ வைத்துப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு.

குழந்தையாக அப்பா என்னைத்தான் அனுப்பினார். பூசாரியோ மாமாவின் கூட்டாளி. பொட்டலம் கட்டும் வேலை மாமாவிடமே வந்தது. எனக்கு விபூதி பூசுகிற சாக்கில் அவர் குனிந்து காதில் சொன்னார்:

“ரெண்டு முடிச்சு போட்டுக்கீறேன் மாப்ளே, அத்த எடு. ஜல்தியா எடுத்துடாத. யோசிக்கிறாப்ல கொஞ்சம் தடவிக்கினு எடு. ஞாயித்துக்கெழமை திண்டிவனத்துல சினிமா.”

நான் தடவிய அழகை ஊரே மெச்சியது. அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளைப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “சாமியே சொல்லிடுச்சி. இனிமே நான் பேசக் கூடாது.” பேசவும் இல்லை. கன்று நட்ட அன்று மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போனார்.

தைலமரம் தழைத்தது. சில கோடைகளில் ஊற்று சுண்டிவிட்டது. அப்பா கேணியை ஆழப்படுத்திக்கொண்டே போனார். குடத்தோடு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். “ஐயனாருக்கு எம்மேல இன்னா கோவமோ” என்று அவர் அம்மாவிடம் சொல்வது என் காதில் விழும். கல்லூரியில் மண்ணையும் நீரையும் பற்றிப் படித்து வந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அவர் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

இப்போது தைலமரங்களை வேரோடு பெயர்த்துவிட்டு வீரையும் குருந்துமாகத் திரும்ப நட ஊரில் முடிவெடுத்தபோது, ஐயனார் வைக்கச் சொன்ன மரத்தில் கை வைக்கலாமா என்று சிலர் குறுக்கே நின்றார்கள். அதனால்தான் போன மாதக் கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். யாரும் திட்டவில்லை. “எட்டு வயசுல இன்னா தெரியும், உடு பெருசு” என்றான் ஓர் இளைஞன். மறுநாளே பொக்லைன் வந்தது.

தெரியாமல் செய்யவில்லை. சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். சினிமா பார்த்துவிட்டு வந்த பிறகும் இரண்டு கண்ணும் நன்றாகவே இருந்தன. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கோயில் வாசலில் நின்றவர்களில் சாமியின் பேச்சுக்கு முழுதாகக் கட்டுப்படக் கூடியவர் அப்பா ஒருவர்தான், அவரைத்தான் நான் ஏமாற்றினேன் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.