தாடையைச் சுத்தம் செய்துகொண்டு போனோம்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை நாலே கால் மணிக்கு அம்மா என்னை முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை பியூட்டி பார்லருக்கு அழைத்துப்போனார். ஐந்தரைக்கு லேசர் கிளினிக்கில் பதிவு செய்திருந்தோம். தாடை முடியை அகற்றத்தான் அங்கே போகிறோம். அதற்கு முன் பார்லர் எதற்கு என்று கேட்டேன்.

"டாக்டரம்மா பாக்கறப்ப மூஞ்சி அப்படியேவா இருக்கும்? நம்மள பத்தி என்னா நெனப்பாங்க?"

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிவைப்பது போல, என் தாடை நூலால் சுத்தமாக்கப்பட்டது. பிடுங்கிய இடமெல்லாம் சிவந்து எரிந்தது.

அந்தத் தடித்த முடிகள் முளைக்கத் தொடங்கி ஓராண்டு இருக்கும். அதே காலத்தில்தான் மாதவிலக்கும் தவறத் தொடங்கியது. கடைசி மூன்று மாதங்களாக வரவேயில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அம்மாவிடம் சொல்லவில்லை. திருமணமாகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. முடி வெளியே தெரிவது, அதனால் அதற்கு மட்டும் மருத்துவம் பார்க்கப் புறப்பட்டிருந்தோம்.

கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் எங்களை உட்காரவைத்தார். கோட்டில் பெயரில்லை. தம்மை மருத்துவர் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வீட்டிலேயே யோசித்துவைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா."

"திரும்ப முளைக்காதா?"

"பர்மனென்ட்மா."

"என்னை மாதிரி மாநிறத் தோலுக்கு ஒத்துக்குமா? தழும்பு விழாதா?"

"ஒண்ணும் ஆகாது. மெஷின் பிரான்ஸ்லேந்து வந்தது."

அம்மாவின் முகம் தெளிந்தது. "எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் குடும்பமே அங்கதான் இருக்கு" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பிரான்ஸ் என்ற சொல் வந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு.

எனக்கு மட்டும் தெளியவில்லை. விடைகள் மிக விரைவாக வந்தன; கேள்வி முடியுமுன்பே தயாராக நின்றன. அதைவிட, நான் இத்தனை கேட்டும் அவர் என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறேனா, வெயிலில் அலைகிறேனா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எதுவுமில்லை. கேட்டிருந்தால் அம்மாவை வெளியே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

அவர் என் தாடையை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். "நீட்டா இருக்கு. இன்னைக்கே ஒரு சிட்டிங் ஆரம்பிச்சிடலாம்."

"இப்பதான் த்ரெடிங் பண்ணிட்டு வரேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சும்மா. நமக்கு வேலை மிச்சம்."

அவர்மேல் எழுந்த சந்தேகம் உறுதியானது அந்த நொடியில்தான். லேசரின் ஒளி முடியின் கருமையைப் பற்றிக்கொண்டு வேர்வரை இறங்கி அதைச் சுடும் என்று படித்திருந்தேன்; பார்லரில் அது உறைக்கவில்லை. ஆகவே முன்பே மழித்துக்கொள்ளலாம், பிடுங்கக் கூடாது. என் முடிகளோ வேரோடு பார்லரின் தரையில் கிடந்தன. இனி ஒளி பற்றிக்கொள்ள என் முகத்தில் மீந்திருந்த கருமை, தோலின் கருமை மட்டுமே.

"முடியே இல்லாத எடத்துல எதைச் சுடுவீங்க?"

அவர் சிரித்தார். "பாப்பா மெடிக்கலா?"

"இல்லைங்க, எம்.ஏ. தமிழ்" என்றார் அம்மா.

"அதான பாத்தேன்."

"டாக்டர் எப்ப வருவாங்க?"

"அவங்க போன்ல பாத்துப்பாங்கம்மா. நீ படுத்துக்கோ."

நான் படுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அம்மா அந்தப் பெண்ணிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னால் வந்தார். வண்டியில் போகும்போது என் தோளுக்குப் பின்னிருந்து பேசிக்கொண்டே வந்தார்.

"எல்லாப் பொண்ணும் பண்ணிக்குது. உனக்கு மட்டும் என்னாடி பயம்?"

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

"எதையாச்சும் மறைக்கிறியா?"

அந்த வெள்ளைக் கோட்டு கேட்டிருக்க வேண்டியதை, தவறான காரணத்துக்காகவேனும், அம்மா கேட்டுவிட்டார். முன்னால் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதைச் சாக்காக வைத்து ஹாரனை அழுத்தினேன்.

மறுநாள் காலை அம்மா சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியைத் தாண்டாமலே சொன்னேன். "மூணு மாசமா எனக்கு வரலம்மா."

தோசைத் திருப்பி கையிலேயே நின்றது. அவர் பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. நான் எதிர்பார்த்த பார்வைதான். ஆனாலும் வலித்தது.

"யாருடி?"

"யாரும் இல்ல. மொகத்துல முடியும் அதனாலதான்னு நெனக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். நம்பிக்கை இல்லன்னா நீயும் உள்ள வந்து உக்காரு, டாக்டர் என்ன கேட்டாலும் உன் முன்னாடியே சொல்றேன்."

அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனார். நான் கீழே இறங்கி, வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, அவருக்காக நின்றேன்.