விரல் விடாத அளவு

“பட்டினி போட்டே கொல்லப் பாக்குறீங்களா, தையற்காரரே?” என்றார் கால்நடை மருத்துவர். மேசைமேல் நின்ற பட்டன் என்ற நான்கு மாத ஸ்பானியல் நாய்க்குட்டி தன் நீண்ட காதையே மென்றுகொண்டிருந்தது.

“ஐயோ டாக்டரம்மா, குண்டாயிட்டே போறானேன்னுதான் சாப்பாட்டைக் குறைச்சேன். வாராவாரம் இடுப்பு ஏறுது. நானே அளந்தேன்.”

“எங்க, அளந்து காட்டுங்க.”

தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார். குட்டியின் வயிற்றைச் சுற்றி, உள்ளே இரண்டு விரலை நுழைத்துப் பிடித்தார்.

“விரல் எதுக்கு?”

“லூஸ் விட வேண்டாமா?”

“அவன் என்ன பேன்ட்டா தைக்கச் சொன்னான்?” டாக்டர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “முடியையும் உங்க விரலையும் சேர்த்து அளந்திருக்கீங்க. அதோட, குட்டின்னா வளரத்தான் செய்யும். எலும்பு பிடிக்கிற வயசு. இப்ப விட்டுட்டா அப்புறம் எவ்வளவு போட்டாலும் ஈடாகாது. கையால பாருங்க. விலா விரலுக்குத் தட்டுப்படணும், ஆனா துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது.”

முப்பது வருஷமாக ஊர் இடுப்புகளை அளந்த மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது. கடைக்கு வந்ததும் தீவனப் பையை மகளிடம் நீட்டினார். அதில் அச்சாகியிருந்த மொழி அவருக்கு வராது, அவளுக்கு வரும்.

“ஒரு வரி விடாம படிம்மா.”

அவள் படித்தாள். அவர் வெட்டுமேசையின் ஓரத்தில் நீலச் சாக்கட்டியால் எழுதிக்கொண்டார்: குட்டித் தீவனம், நாளைக்கு மூணு வேளை. ஆறு மாசத்துக்கு மேல் ரெண்டு. உப்பில்லாத கோழி கொஞ்சம். சொன்ன பேச்சு கேட்டால் ஒரு துண்டு கேரட். காது தட்டில் புரளாமல் இருக்கச் சட்டைத் துணி மிச்சத்தில் ஒரு குல்லாவும் தைத்தார். “நம்ம பட்டன் பொண்ணு பார்க்க வந்த சம்பந்தியம்மா மாதிரி இருக்கான்” என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பட்டன் தேறினான். அதன்பிறகுதான் வாடிக்கையாளர்களின் தொல்லை ஆரம்பித்தது. ஆளுக்கொரு பிஸ்கட்டோடு வந்தார்கள்.

“பாவமா பாக்குறானே, மாஸ்டர்!”

“பாக்கட்டும். பாக்குறதால உடம்பு இளைக்காது.”

அவன் கண்ணெதிரே தின்ன மனம் வராமல், அப்பா தன் டீயோடு வரும் வழக்கமான நாலு பிஸ்கட்டையும் விட்டார். காலையும் மாலையும் அவனோடு நடந்தார். ஒரு வயதானதும், வயிறு கெடாதபடி வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பெரிய நாய்த் தீவனத்துக்கு மாற்றினார்.

அந்த மாதம் டாக்டர் பட்டனின் விலாவைத் தடவினார். முதுகிலிருந்து இடுப்புவரை கையை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கானே! எந்த டெய்லர்?”

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் பட்டனுக்கு முன்னால் அப்பாதான் துள்ளி நடந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் கழுத்து டேப்பைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். இடுப்பில் நிற்காத பேன்ட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“எனக்கும் ஒரு அளவு எடும்மா. விரல் விடாம.”