மர்சலின் பார்த்த தலைகள்

திங்கட்கிழமை விடிந்தாலே மர்சலினுக்கு எழுந்திருக்க மனம் வராது. அன்றைக்கு நூற்றறுபது தலை பார்க்க வேண்டும். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதுதான் அவளுடைய வேலை. புருஷன் லூயிஸ் காய்ச்சலில் போன பிறகு, ஆஸ்பத்திரியில் தோல் வியாதிக்காரர்களுக்குக் கட்டுப் போடும் ஆயாவாக நாலு வருஷம் இருந்தாள். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் 1931இல் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் வீடுகளில் அவளை நர்ஸம்மா என்பார்கள். அவள் நர்ஸ் இல்லை. திருத்திச் சொல்லி அலுத்துப்போய் அதையும் விட்டுவிட்டாள்.

வராந்தாவில் வெளிச்சம் விழும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்து வகிடு வகிடாகப் பிரிப்பாள். தட்டினால் உதிர்வது பொடுகு. சீயக்காய் போட்டு ஒழுங்காகக் குளிக்கச் சொல்வாள். மயிரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈர். திட்டாக மயிர் கொட்டி உள்ளங்கை போல வழுவழுவென்றிருந்தால் புழுவெட்டு. பார்க்கத்தான் பயம், அடுத்தவளுக்கு ஒட்டாது. ஆனால் அந்தத் திட்டில் செதில் படிந்து, மயிர் பாதியில் முறிந்து கட்டை கட்டையாக நின்றால் படர்தாமரை. அந்தப் பிள்ளையை ஆறும்வரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

1934இல் ஒரு திங்கட்கிழமை, மீன்காரி கெங்கம்மாவின் மகள் தேசம்மா வரிசையின் கடைசியில் நின்றாள். பத்து வயது. அத்தனை தலையும் பார்த்த களைப்பில் மர்சலினுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. தலையில் வெள்ளைச் செதில் தெரிந்தது. மயிர் முறிந்திருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. படர்தாமரை என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டாள். பிள்ளை சிலேட்டை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு வரவே இல்லை.

மூன்று மாதம் கழித்துக் கெங்கம்மா மர்சலினின் தெருவுக்கே மீன் கூடையோடு வந்தாள். கூடையை இறக்கக் கையைத் தூக்கியபோது முழங்கை தெரிந்தது. இரண்டு முழங்கையிலும் வெள்ளிச் சரிகை மாதிரி கனத்த செதில். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட முழங்கைகளுக்கு மர்சலின் களிம்பு தடவியிருக்கிறாள்.

“இது எத்தினி நாளா கீது?” என்றாள்.

“கண்ணாலத்துக்கு முன்னாலேர்ந்தே கீது. மழைல ஜாஸ்தியாவும், வெயில்ல கொறையும். உப்புத் தண்ணின்னு உட்டுட்டேன்.”

“ஒன் மவளுக்கும் கீதா?”

கெங்கம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “முட்டில கீது. நீ தலைய மட்டும் பாத்து அனுப்ச்சிட்டியேம்மா.”

மர்சலின் மீன் வாங்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அவளோடு குப்பத்துக்கு நடந்தாள். தேசம்மாவுக்கு மொட்டை அடித்து, கந்தகமும் மண்ணெண்ணெயும் தடவித் தலையெல்லாம் புண்ணாக்கி வைத்திருந்தார்கள். புண்ணுக்கு நடுவே அதே வெள்ளிச் செதில். நெற்றி ஓரத்தில் மயிர் எல்லையைத் தாண்டியும் காதுக்குப் பின்னாலும் இறங்கியிருந்தது. செதிலுக்குள்ளிருந்து மயிர் எங்கும் ஒரே சீராக முளைத்திருந்தது. படர்தாமரை என்றால் அப்படி முளைக்காது. அன்றைக்கு அரை நிமிஷம் கூடப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அதை சோரியாஸிஸ் என்றார். யாருக்கும் ஒட்டாது, அடியோடு போகாது, தார் களிம்பு போட்டால் அடங்கும், மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். தலைமை ஆசிரியை ஐரின் கடிதத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையை வரச் சொன்னாள். தவறு தன்னுடையது என்று மர்சலின் சொன்னபோது, அதை மாணவிகளிடமே சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

புண் ஆறி, விரற்கடை மயிர் வளர்ந்ததும் தேசம்மா வந்தாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தத் திங்கட்கிழமை எல்லோரையும் வராந்தாவில் நிறுத்தினார்கள். நடந்ததைச் சொல்ல மர்சலின் எழுந்தாள். தேசம்மாவை அருகில் கூப்பிட்டு, தன் கொண்டையில் செருகியிருந்த சீப்பை எடுத்து அவள் தலையை வாரினாள். சீப்பில் செதில் ஒட்டியது. பிறகு தன் கொண்டையை அவிழ்த்து, அதே சீப்பால் தன் தலையை வாரிக்கொண்டாள்.

“ஒட்றதா இருந்தா மொதல்ல எனக்குத்தான் ஒட்டும்,” என்றாள். “நான்தான் சரியா பாக்கல.”

ஒரு வாரம் கழித்து ஜமீலுன்னிசா என்ற பெண் தேசம்மாவின் பலகைக்கு மாறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள், சிலர் வரவே இல்லை. ஒரே நாளில் நூற்றறுபது தலை பார்க்கத் தன்னால் முடியாது என்று மர்சலின் ஐரினிடம் சொன்னாள். தினம் நாற்பதாக நாலு நாளுக்குப் பிரித்தார்கள். அதனால் களைப்பு குறைந்துவிடவில்லை. கடைசித் தலையையும் முதல் தலையைப் போலப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலம் தவறாமல் தேசம்மாவுக்குச் செதில் திரும்ப வந்தது. மர்சலின் களிம்பு தடவிவிடுவாள். வராமல் போன மாதங்களின் பாடத்தை அந்தப் பிள்ளையால் வெகுநாள் எட்டிப்பிடிக்க முடியவில்லை. ஒரு வருஷம் தவறி, 1939இல் எட்டாம் வகுப்பு தேறினாள்.