கல்மழை அடைத்த மாடி

போன சித்திரையில் ஒரு மத்தியானம், இண்டூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி குளமாகிவிட்டது. தண்ணீர் போகும் வழியை அடைத்தது குப்பையல்ல, ஐஸ்.

வீட்டில் நானும் லீவுக்கு வந்திருந்த என் நாத்தனாரும்தான். காலையிலிருந்தே தாங்க முடியாத புழுக்கம். திடீரென்று வானம் கறுத்து, மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் யாரோ கல்லெறிவது போலச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலெங்கும் நெல்லிக்காய் அளவுக்குக் கல்மழை! இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். அவள் ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்ப ஹாலுக்குள் வந்தபோது, ஃபேன் மாட்டியிருந்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"அண்ணி, மேல தண்ணி நிக்குதாட்டம் இருக்குது" என்றாள் நாத்தனார்.

ஆளுக்கொரு அலுமினியக் குண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே ஏறினோம். கல் டங் டங்கென்று குண்டாவில் விழ, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாடி முழுக்க வெள்ளை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் கால் வைத்ததும் உச்சந்தலை வரை சுரீரென்றது. தண்ணீர் இறங்கும் குழாய் இருக்கிற மூலையில் கல்லெல்லாம் ஒதுங்கி, வேப்பிலையோடு சேர்ந்து பாளமாக இறுகியிருந்தது. கையால் தோண்டினேன். விரல்தான் மரத்துப்போனது.

"கடப்பாரை எடுத்தாரட்டுமா அண்ணி?"

"ஐயோ வேணாம், குழாய் ஒடஞ்சிரும். அடுப்புல சோத்துக்கு ஒல கொதிக்குது பாரு, அத எடுத்தா!"

அவள் பழந்துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி வந்தாள். ஊற்றியதும் குப்பென்று ஆவி எழுந்தது. பாளத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. விளக்குமாற்றுக் கட்டையை அதில் விட்டு நெம்பினேன்.

"எறங்குது அண்ணி, எறங்குது! இன்னும் அமுக்குங்க!"

மளுக்கென்று பாளம் இரண்டாகப் பிளந்தது. தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் சுழித்துக்கொண்டு குழாய்க்குள் பாய்ந்தது. நாங்கள் குதித்த குதியில் குண்டாக்கள் கீழே விழுந்து உருண்டன.

அதே நேரம் வீட்டுக்கு வெளியே ஓர் அலறல். எட்டிப் பார்த்தால் என் கணவர்! அப்போதுதான் வந்து வண்டியைச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார். குழாய் கக்கிய ஐஸும் தண்ணீரும் அப்படியே அவர் தலையில்.

"ஏய், மேல என்னாத்தடி பண்றீங்க?"

"கல்மழைங்க! சீக்கிரம் மேல வாங்க, கரைஞ்சிரப் போவுது!"

கோபமாகத்தான் ஏறி வந்தார். மாடியைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். பிறகு ஒரு கை அள்ளித் தங்கச்சியின் முதுகில் போட்டார். அவள் அலறிக்கொண்டு ஓட, அவரும் துரத்த, மாடி முழுக்கச் சறுக்கி விழுந்தோம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழையோடு மழையாக ஏறி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே எங்கள் மாடியில்தான் நின்றது, ஆளாளுக்குக் கையில் ஐஸும் செல்போனுமாக.