கீழ்ச்சுவரும் இரண்டு உளுந்து வடைகளும்

முதலில் வாயுத் தொல்லை என்றுதான் நினைத்தேன். மேல்வயிற்றில் ஓர் அழுத்தம், குமட்டல், கழுத்தோரம் வியர்வை. இலுப்பூரில் எங்களுக்கு பம்ப்செட் உதிரிபாகக் கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே எலுமிச்சை சோடா குடிப்பேன். ஏப்பம் வரும். சரியாகிவிட்டது என்று அடுத்த ஆளுக்கு வாஷர் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வாரம் இப்படியே ஓட்டினேன். பிறகு கடையிலேயே மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்துவிட்டு, மாரடைப்பு வந்து சில நாள் ஆகிவிட்டது என்றார்கள். இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவருக்குப் போகும் குழாய் அடைத்தால் வயிற்றுக் கோளாறு போலத்தான் தெரியுமாம். அதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ (ரத்தக் குழாய்க்குள் சாயம் விட்டு அடைப்பைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். வலது பக்கக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. சரி, அதைத் திறந்து வலை (குழாய் மூடாமல் தாங்கும் ஸ்டென்ட்) வைத்துவிடுங்கள் என்றேன். இதய மருத்துவர் அவசரப்படவில்லை.

“வலை வைக்கலாம்மா. ஆனா அந்தச் சதை உயிரோட இருக்கணும். செத்துப்போயிருந்தா அதுக்கு ரத்தத்தத் திருப்பி விட்டு என்ன பிரயோசனம்?”

கருகிப்போன மோட்டாருக்குப் புது ஒயர் இழுத்து என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்களிடம் நானே பல முறை கேட்டிருக்கிறேன். அதனால் அவர் சொன்னது உடனே புரிந்தது. அப்போது வீட்டு வாசலிலிருந்து கடைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. சதை உயிரோடு இருந்தால் இந்த மூச்சிரைப்பு குறையும். இல்லையென்றால் மாத்திரையும் நாற்காலியும்தான் மிச்சக் காலம். இரண்டில் எது என்று சொல்ல ஒரே ஒரு சோதனைதான் பாக்கி என்று அணு மருத்துவப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே மிகச் சிறிய அளவு கதிரியக்கம் கலந்த மருந்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். உயிருள்ள தசை அதை வாங்கிக்கொள்ளும், செத்த தசை வாங்காது. கேமரா அதைப் படமாக எடுக்கும். உடம்பு ஓய்வாக இருக்கும்போது ஒரு படம், மருந்தால் இதயத்துக்கு வேலை கொடுத்து இன்னொரு படம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. இதற்கு நான் மூன்று முறை போக வேண்டியிருந்தது.

முதல் முறை டீயால் கெட்டது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், அப்படியே போனேன். எங்கள் பக்கம் வெறும் வயிறு என்றால் அதில் டீ சேராது. கோயிலுக்கு விரதம் இருப்பவர்களே டீ குடித்துவிட்டுத்தான் விரதம் இருக்கிறார்கள். விராலிமலையில் பஸ் நின்றபோது என் கணவர் ஜன்னல் வழியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். வேலை கொடுக்கும் மருந்தை டீயும் காப்பியும் முறித்துவிடுமாம். முந்தின நாளிலிருந்தே தொடக்கூடாதாம். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரிடம் போனில் பேசிய பெண் அதையும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவரிடமிருந்து எனக்கு வந்தது “சாப்பிடக் கூடாதாம்” மட்டும்தான். கேட்டால், டீ என்ன சாப்பாடா என்கிறார்.

இரண்டாம் முறை டீ குடிக்காமல் தலைவலியோடு போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கதிரியக்க மருந்து வரவில்லை. இந்த மருந்தை வாங்கி அடுக்கி வைக்க முடியாது, மணிக்கு மணி வீரியம் குறைந்துகொண்டே போகும், வர வேண்டிய விமானம் தாமதம் என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு துண்டு இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல், மறுபடியும் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மூன்றாம் முறை முதலில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஊசி போட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் பக்கமும் குழந்தைகள் பக்கமும் அன்று போகக் கூடாது என்றார்கள். பிறகு டெக்னீஷியன் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார். கேன்டீனில் வடையோ பூரியோ, நல்ல எண்ணெய்ப் பலகாரமாகச் சாப்பிட்டு, கொழுப்பெடுக்காத பால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வர வேண்டும்.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விழுந்த நாளிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டவர் அவர். தோசை தீய்ந்து வரும், குழம்பு தாளிக்காமல் வரும். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தால் எங்கள் ஜன்னலைச் சாத்துவார். அவரிடம் போய் வடை என்றால்? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். யாரையும் திரும்பக் கேட்கவில்லை. சட்னிகூட இல்லாத இட்லியும் தண்ணீர் மோரும் வாங்கி வந்தார். வடை கேட்டேன். முறைத்தார். இட்லியைத் தின்றேன்.

தலைக்கு மேல் கையைத் தூக்கிப் படுத்திருக்க, கேமரா என்னைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. தோள் இற்றுவிடும் போல வலித்தது. முடிந்ததும் அந்தப் பிரிவின் மருத்துவர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் ஒரு பெரிய வெளிச்சம்.

“இது ஈரல்மா. மருந்து இங்கதான் போய்த் தேங்கும். கொழுப்பா ஏதாவது சாப்பிட்டாத்தான் பித்தத்தோட சேர்ந்து கீழ எறங்கும். நாங்க பாக்க வேண்டிய சுவர் இத ஒட்டித்தான் இருக்கு. இந்த வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியல. என்ன சாப்பிட்டீங்க?”

“இட்லி” என்றேன்.

“ஹார்ட்டுக்கு வந்தவளுக்கு வடையக் குடுக்கச் சொன்னா எப்படிங்க டாக்டரம்மா?” என்று என் கணவர் கேட்டார். அவர் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே கேட்டார்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நான் இல்லை.

“நீங்க என்னக் காப்பாத்துனது போதும். எனக்கு உசுரு இருக்கா இல்லையான்னு பாக்க விடுங்க.”

அவர் கேன்டீனுக்குப் போனார். பாலும், தாளில் சுற்றிய இரண்டு உளுந்து வடைகளும் வாங்கி வந்தார். எண்ணெய் தாளைத் தாண்டி அவர் சட்டைப் பையில் இறங்கியிருந்தது. ஒன்றைத் தின்று முடித்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“ரெண்டாவதையும் திங்கணுமா, மலரு? ஒண்ணு பத்தாதா?”

அப்போதுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பட்டினி போடுகிற மனுஷன் என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் என்னை விடவும் பயந்துபோயிருந்தார். இரண்டாவதையும் தின்றேன்.

மறுபடி எடுத்த படத்தில் ஈரல் வெளிச்சம் வடிந்து இதயம் தனியாகத் தெரிந்தது. மதியத்துக்கு மேல் வேலை கொடுக்கும் மருந்தை ஏற்றினார்கள். முகம் சுட்டது, மேல்வயிற்றில் அதே அழுத்தம் வந்தது. சோடா குடித்து ஏப்பம் விட்ட அந்த வாரம் முழுவதும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அந்த மேஜையில் படுத்திருந்தபோது தெரிந்தது. அழுதேன். மருந்தை நிறுத்தியதும் அழுத்தம் போய்விட்டது. பிறகு இரண்டாவது படத்தையும் எடுத்தார்கள்.

கீழ்ச்சுவரின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது, போதிய ரத்தம் இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் தழும்பாகிவிட்டது, அது திரும்பாது. அதன் பிறகு வலை வைத்தார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். ஏன் என்று தெரிந்திருந்தால் என் கணவர் முதலிலேயே வடை வாங்கியிருப்பார்.

இப்போது வடை கேட்டால், அடுத்த ஸ்கேனுக்குப் பார்ப்போம் என்கிறார். நடுவில் ஒரு முறை மூச்சுக்காக நின்று, கடை ஷட்டரை நானே தூக்குகிறேன். நிற்கும் அந்த நேரத்தில் கை தானாக நெஞ்சுக்குக் கீழே போகிறது. என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னாலேயே போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு நான் கடை திறக்கிறேன்.